மலிவுக் குழாய் வாங்கி பிரேக்கை இழக்கலாமா?

கொழும்பிலிருந்து கல்முனைக்குச் சாமான் ஏற்றுகின்ற சகோதரர்களுக்குப் பதினெட்டு வளைவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய வரை ஏறி, பிறகு மஹியங்கனைப் பக்கம் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் எனது பழைய கென்டர் லொறியின் பிரேக் ஒரு நாள் மிதிக்க மிதிக்கக் கீழே போனது. டிரைவர் தம்பி கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மலைப் பக்கமாக அணைத்து நிறுத்திவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காரணம் பிரேக்கில் இல்லை. மூன்று நாட்களுக்கு முன்னர் நாங்கள் பூட்டிய புகைக் குழாயில் இருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கப்படும் வரை நம்மில் பலர் பழைய லொறிகளையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். எனது லொறியில் எஞ்சினோடு பூட்டியிருக்கும் வார்ப்பிரும்பு மெனிபோல்ட் வெடித்துவிட்டது. கம்பெனிச் சாமானின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, குழாய்களை வளைத்து வெல்டிங் செய்த ‘ஹெடர்’ ஒன்று கிடைத்தது. “அப்படியே பொருந்தும்” என்றார் கடைக்காரர். பூட்டும்போது அது செசியில் முட்டியது. கராஜில் சுத்தியலால் இரண்டு அடி அடித்து உள்ளே தள்ளினார்கள். முட்டல் நின்றது. ஆனால் குழாய் பிரேக் பைப்புக்குப் பக்கத்தில் போய் நின்றதை எவரும் பார்க்கவில்லை.

பாரத்தோடு மலை ஏறும்போது அந்தக் குழாயின் சூடு பல நூறு பாகை இருக்கும். டொட் 3 பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரம் இழுத்த பழைய எண்ணெய் என்றால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதியில் அழுத்தம் இருக்காது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

பிறகு அனுபவமுள்ள ஒரு பாஸிடம் லொறியைக் கொடுத்தேன். அவர் குழாயைத் தொடவில்லை. முதலில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர்களைப் பார்த்தார். அவை அமர்ந்து எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ரப்பர்களை மாற்றியதும் பாதி முட்டல் தானாகவே தீர்ந்தது. மீதிக்கு, நசுங்கிய துண்டை வெட்டியெடுத்து, கோணத்தை மாற்றி வெல்டிங் செய்தார். எல்லா நட்டுகளையும் கையால் மட்டும் பூட்டி, சுற்றிவரப் பார்த்த பிறகே இறுக்கினார்.

“எவ்வளவு இடைவெளி வேண்டும் பாஸ்?” என்று கேட்டேன்.

“குழாய் சூட்டில் நீளும் காக்கா, எஞ்சினும் ஆடும். நின்ற நிலையில் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது” என்றார்.

உண்மைதான். ஒரு மீற்றர் இரும்புக் குழாய் 400 பாகை சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, ஒருவர் எக்ஸிலேட்டரை மிதிக்க, மற்றவர் டோர்ச் அடித்து எஞ்சின் ஆடுவதைப் பார்க்க வேண்டும். செசியிலிருந்து ஒரு அங்குலமாவது விலகியிருக்க வேண்டும் என்பது பாஸின் கணக்கு. பிரேக் பைப்பையும் வயரையும் வேறு வழியால் கொண்டுபோய், இடையில் தகரத் தடுப்பும் வைத்தார். குழாயில் துணிப்பட்டி சுற்றலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், நமது கடற்கரை உப்புக் காற்றுக்குக் குழாய் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். மவுண்ட் ரப்பர், வெல்டிங், புதிய பிரேக் எண்ணெய், லொறி ஓடாமல் கிடந்த நாட்கள், கைவிட்டுப்போன ஒரு லோட் எல்லாவற்றையும் கூட்டினால் கம்பெனிச் சாமானின் விலையைத் தாண்டிவிட்டது.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். “எங்களுக்கும் அப்படித்தான் காக்கா சொல்லித் தந்தார்கள்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி விற்றுவிட்டார். வாங்கிய பொருளில் முன்பே இருந்த குறை பிறகு தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு என்பது நமது மார்க்கச் சட்டம். உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்கள் “எந்த மொடல், எந்த எஞ்சின்?” என்று கேட்டு, அதை பில்லிலும் எழுதிக் கொடுத்தால் இந்தப் பிரச்சினை பாதி குறையும்.

வாங்குகின்ற நாமும் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, நட்டுத் துளைகளையும், வாய் திரும்பும் கோணத்தையும் அளந்து பார்த்த பின்பே காசைக் கொடுக்க வேண்டும். லொறி நம்முடையதாக இருக்கலாம், அதில் போகின்ற டிரைவரின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அல்லாஹ் நமது தொழில்களில் பரக்கத் செய்வானாக.