மார்ச் 17: பச்சை உடுத்தும் தீவு

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியே இருப்பதால் புனித பத்திரிசியார் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. அவர் அயர்லாந்தின் காவற் புனிதர். அவரது நாளான மார்ச் 17இல் அயர்லாந்து மக்கள் பச்சை ஆடை அணிந்து, மூவிலைச் செடியைச் சட்டையில் குத்திக்கொண்டு கொண்டாடுவார்கள். கரீபியன் கடலிலுள்ள மொன்செராட் தீவும் அதே நாளில் பச்சை உடுத்துகிறது. அங்கு வாழ்பவர்களோ பெரும்பாலும் ஆபிரிக்க வம்சாவளியினர். இது எப்படி என்று தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மொன்செராட்டின் பரப்பு 102 சதுர கிலோமீற்றர். இன்றைய சனத்தொகை 5,000க்கும் குறைவு. நம் நாட்டில் ஒரு சிற்றூர் அளவுதான். 1632இல் ஆங்கிலேய ஆட்சியின் கீழ் அங்கு குடியேறியவர்களுள் அயர்லாந்துக் கத்தோலிக்கர் அதிகம். அவர்களிற் பலர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏழைகள். பின்னர் கரும்புச் செய்கை பெருகியது. ஆபிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். கூலிகளாக வந்த இனத்தவருள் சிலர் தோட்ட முதலாளிகளாகி அடிமைகளை வைத்திருந்தனர். ரைலி, சுவீனி, பரல் என்று இன்று அத்தீவில் வழங்கும் அயர்லாந்துக் குடும்பப் பெயர்களுக்குப் பின்னால் இந்தக் கசப்பும் இருக்கிறது.

1768 மார்ச் 17. முதலாளிமார் ஆளுநர் மாளிகையில் விருந்துண்டு களித்திருப்பார்கள் என்பது அடிமைகளுக்குத் தெரியும். அந்த நாளையே கிளர்ச்சிக்குத் தெரிந்தெடுத்தார்கள். மாளிகைக்குள் பணிபுரிபவர்கள் விருந்தினரின் வாள்களைக் கைப்பற்ற வேண்டும். வெளியே நிற்பவர்கள் கல்லும் தடியும் தோட்டக் கருவிகளும் கொண்டு தாக்க வேண்டும். இதுதான் திட்டம். ஆனால் இரகசியம் முன்கூட்டியே கசிந்தது. தையல்காரப் பெண் ஒருத்தி ஒட்டுக்கேட்டுச் சொல்லிவிட்டாள் என்பது அவ்வூர் வழக்கு. ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். அடிமைமுறை ஒழிய 1834 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த ஒன்பது பேரையும் நினைவுக்குக் கொண்டுவந்ததில் வரலாற்றாசிரியரும் கவிஞருமான ஹோவர்ட் பேர்கஸின் பங்கு பெரிது. 1985இல் மார்ச் 17 அங்கு பொது விடுமுறை தினமானது. ஆகவே கொண்டாட்டம் புனிதருடையதாகத் தோன்றினாலும், விடுமுறை கிளர்ச்சியாளருடையது என்றே நான் கருதுகிறேன்.

இன்று விழா ஒரு வாரத்துக்கும் மேலாக நீள்கிறது. அதிகாலையில் விடுதலை ஓட்டம் நடக்கும். முகமூடியும் உயர்ந்த தொப்பியும் அணிந்து, கையில் சாட்டையோடு, ஆபிரிக்க மேளத்துக்கு ஐரோப்பிய நடன அடி வைத்து ஆடுவார்கள். ஆட்டிறைச்சியில் ஆக்கும் 'கோட் வோட்டர்' என்ற குழம்பு இல்லாமல் விழா இல்லை. பெண்கள் உடுத்தும் பச்சை, வெள்ளை, செம்மஞ்சட் கட்டத்துணிக்குப் பெயர் 'மெட்ராஸ்'! ஒருகாலத்தில் சென்னைப் பக்கத்துத் தறிகளிலிருந்து கடல்கடந்து போன துணிவகை அது. நம் வாப்பாமார் உடுக்கும் கட்டச் சாரனுக்குத் தூரத்து உறவு என்றும் சொல்லலாம்.

1995இல் சூபிரியேர் எரிமலை வெடித்தது. தலைநகர் பிளிமத் கைவிடப்பட்டுச் சாம்பலில் புதைந்தது. 1997இல் 19 பேர் மாண்டனர். மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இங்கிலாந்துக்கும் அயல் தீவுகளுக்கும் பெயர்ந்தனர். அவர்களிற் பலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்புவது இந்த மார்ச் மாதத்திலேதான். கடவுச்சீட்டில் பச்சை மூவிலை முத்திரை குத்தி அவர்களை வரவேற்கிறார்கள். தீவின் தென்பாதியில் இன்றும் எவரும் குடியிருக்க முடியாது. பழைய வீட்டைப் பார்க்க விரும்புவோர் தூரத்துக் குன்றில் ஏறி நின்று, சாம்பலுக்கு மேலே தெரியும் கூரைகளைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.