மறையூரில் சந்தனமும் கரும்பும்

ஜூலை மாதம் மூணாறில் குடையை மடக்க முடியாது. அங்கிருந்து உடுமலைப்பேட்டைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் வந்தால் மறையூர். வானம் வெளுத்திருக்கும், மண் உலர்ந்திருக்கும், காற்று மட்டும் ஓயாமல் வீசும்.

இடுக்கி மாவட்டத்தில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தச் சிற்றூர். இதற்குத் தென்மேற்கே 2,695 மீட்டர் உயர ஆனைமுடி. அரபிக்கடலின் ஈரக்காற்று அந்த மலைகளில் ஏறிக் குளிர்ந்து, மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே தங்குவதால், ஏறும் காற்று அதிகம் குளிர்வதில்லை. ஆனால் முகட்டைத் தாண்டி இறங்கும்போது கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடேறுகிறது. அப்படிச் சூடான காற்றில் மேகம் நிற்காது. மண்ணின் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். மறையூருக்குக் கீழே சின்னார் சரணாலயத்தில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் அளவுதான். கேரளத்துக்குள்ளே முள்மரக் காடும் நட்சத்திர ஆமையும் இருப்பது இதனால்தான். இந்தப் பக்கத்துக்கு முக்கியமான மழை, ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வருவது.

சந்தனத்துக்கு இந்த அளவான மழை வாய்ப்பாகிவிட்டது. வேரில் நீர் தேங்கினால் அந்த மரம் தாங்காது. பக்கத்து மரங்களின் வேர்களைப் பற்றி நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்ளும் அரை ஒட்டுண்ணி அது. வைரம் பாயப் பல ஆண்டுகள் ஆகும். தமிழ்நாட்டின் சந்தனக் காடுகள் பலவும் கடத்தலில் அழிந்துபோயின. மறையூரில் கம்பிவேலியும் இரவுபகல் காவலும் போட்டு மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

மனிதர்கள் இங்கே வெகுகாலமாக வாழ்ந்திருக்கிறார்கள். ஊரை ஒட்டிய கோவில்கடவைச் சுற்றிய பாறைகளின்மேல் பெருங்கற்கால மக்கள் நிறுத்திய கல்திட்டைகள் இன்னும் நிற்கின்றன; ஊரார் அவற்றை முனியறை என்பார்கள். மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி ஆகிய ஐந்தூரும் சேர்ந்தது அஞ்சுநாடு. முன்னோர் மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது இவ்வூர்களின் வழக்கு. வீட்டுப் பேச்சு தமிழ்தான்.

மழை குறைந்த இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் கேட்கும் கரும்பு எப்படி விளைகிறது? மேலே, மழை கொட்டும் முகடுகளில், சோலைக்காடும் புல்வெளியும் நீரை மண்ணுக்குள் வாங்கிவைத்து ஓடைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அந்த ஓடைநீரை வாய்க்காலில் திருப்பித்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். பிழிந்த சக்கையை வெயிலில் காயவைத்து, அதையே எரித்துப் பாகு காய்ச்சுகிறார்கள். வறண்ட காற்று அங்கேயும் கைகொடுக்கிறது. 2019இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

எனக்குக் கவலை தருவது காந்தளூர், வட்டவடைச் சரிவுகள். புல்வெளியும் பயிர்நிலமும் இருந்த இடங்களில் கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸைப் பரவலாக நட்டுவிட்டார்கள். வேகமாக வளரும் மரம், வேகமாக நீரையும் குடிக்கும். ஓடை வற்றினால் கரும்பு போய்விடும். இழப்பு மறையூரோடு நிற்காது. கேரளத்தில் கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்றான பாம்பாறு இவ்வூர் வழியே இறங்கி, சின்னாற்றோடு கலந்து, அமராவதி அணைக்குப் போகிறது. தாராபுரத்து வயல்கள் அந்த நீரை நம்பியிருக்கின்றன.