காளான் குடிலில் துர்நாற்றம்: ஓசோன் கருவி தேவையா?

சிப்பிக்காளான் வளர்ப்பு, வைக்கோல் கிடைக்கும் இடங்களில் சிறு விவசாயிகளுக்கு ஏற்ற உபதொழிலாகும். குடில் பெரும்பாலும் வீட்டை ஒட்டியே அமைவதால், அதிலிருந்து எழும் துர்நாற்றம் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் தொல்லை தருவதுண்டு. நாற்றத்தைப் போக்குவதற்கென்று ஓசோன் வாயுவை வெளியிடும் மின் கருவிகள் இப்போது விற்கப்படுகின்றன. இவற்றை வாங்குமுன் சில விவரங்களை அறிந்துகொள்வது அவசியம்.

ஓசோன் செய்யும் வேலை

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் இரண்டு அணுக்கள் இணைந்துள்ளன. மூன்று அணுக்கள் இணைந்தால் அது ஓசோன். காற்றில் உயர் அழுத்த மின்சாரத்தைச் செலுத்தி இவ்வாயு உண்டாக்கப்படுகிறது. இதன் மூன்றாவது அணு எளிதில் பிரிந்து, நாற்றம் தரும் பொருள்களைச் சிதைக்கிறது. ஆனால் அதே வேகத்தில் மனிதரின் நுரையீரலையும் தாக்கும். இருமல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் ஆகியன ஏற்படும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். ரப்பர் குழாய்களும் இதனால் வெடித்துப் பாழாகும்.

2009-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவின்படி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் ஓசோன் இருத்தல் கூடாது. மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவில் ஓசோன் நாற்றத்தை அதிகம் போக்குவதில்லை. நாற்றத்தைப் போக்கும் அளவில் வைத்தால் அங்கு ஆள் இருக்கக் கூடாது. இதுவே இக்கருவியிலுள்ள சிக்கல். ஓசோனின் நெடிக்கு மூக்கு விரைவில் பழகிவிடும். எனவே மூக்கை நம்பி அளவைக் கணிக்க இயலாது.

பூசணத்தைக் கொல்லும் என்று எண்ணிப் படுக்கைகள் உள்ள குடிலில் இதை வைப்பதும் பயன் தராது. பாலித்தீன் பைக்குள் இருக்கும் பூசணத்தை இவ்வாயு சென்றடையாது. மேலும், காளானும் பூசண இனமே. நல்லது, கெட்டது என்று ஓசோன் பிரித்தறியாது. கீற்றுக் குடிலில் வாயு தங்காமல் வெளியேறி அக்கம்பக்கத்தில் பரவும்.

நாற்றம் ஓர் எச்சரிக்கை

நல்ல படுக்கையில் இனிய காளான் மணமே இருக்கும். புளித்த அல்லது அழுகிய நாற்றம் வீசினால், வைக்கோலில் ஈரம் மிகுந்து பாக்டீரியா பெருகியுள்ளது என அறியலாம். பச்சை நிறத் திட்டுக்களுடன் பூஞ்சை நெடி இருந்தால் அது பச்சைப் பூசணம். நாற்றத்தை மட்டும் மறைத்தால் நோய் பரவி விளைச்சலும் போய்விடும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வைக்கோலை 4 முதல் 5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வெந்நீரிலோ ஆவியிலோ வேகவைக்க வேண்டும். பின்னர் நிழலில் உலர்த்த வேண்டும். கையால் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும்.

2. அறுவடைக்குப் பின் தங்கும் காளான் அடித்தண்டுகளை அகற்ற வேண்டும். அழுகிய, பூசணம் கண்ட படுக்கைகளை அன்றே வெளியேற்றிக் குடிலுக்குத் தொலைவில் புதைக்க வேண்டும். காய்ப்பு முடிந்த படுக்கைகளை எருக்குழியில் சேர்க்கலாம்.

3. ஊறவைத்த நீர் குடிலருகே தேங்காதபடி தென்னைக்குப் பாய்ச்சலாம்.

4. காலை, மாலை இருவேளையும் காற்றோட்டம் தர வேண்டும். திறப்புகளில் ஈ புகாதபடி வலை கட்ட வேண்டும்.

கட்டட அறைகளில் வெளியேற்றும் விசிறியுடன், தேங்காய்த் தொட்டிக் கரியைப் பதப்படுத்தித் தயாரித்த வீரியக் கரியை வைத்து நாற்றத்தைக் குறைக்கலாம். ஈரக் காற்றில் இதன் திறன் விரைவில் குறையுமாதலால் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

காலியான அறையில் மட்டும்

ஏற்கெனவே ஓசோன் கருவி வாங்கியவர்கள், எல்லாப் படுக்கைகளையும் எடுத்து, கழுவிய பின், பூட்டிய காலிக் கட்டட அறையில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். மின் விசை வெளியே இருக்க வேண்டும். நிறுத்திய பின் உள்ளே போகாமல், வெளியிலிருந்தே கதவு, சன்னல்களைத் திறந்து, ஓர் இரவு காற்றாட விட்ட பிறகே உள்ளே செல்ல வேண்டும். குழந்தைகளும் கால்நடைகளும் அருகில் இருத்தல் கூடாது.

கருவிக்குச் செலவிடும் பணத்தை, வைக்கோலை நன்கு வேகவைக்கும் கொப்பரைக்கும் ஈ வலைக்கும் செலவிட்டால், நாற்றம் நீங்குவதுடன் விளைச்சலும் பெருகும்.