அளவு ரவிக்கையும் அகல ரயில் பாதையும்

தையலைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கக்கூடிய நண்பர்கள் நம் சங்கத்தில் நிறையவே உண்டு. கேள்வி நியாயமானதுதான். ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் காலம் தள்ளிய டிப்ளமாக்காரன் நான். ஊசியில் நூல் கோப்பதற்கே இப்போது கண்ணாடி தேவைப்படுகிறது. ஆனாலும் சென்ற குளிர்காலத்தில் என் மனைவிக்கு ஒரு ரவிக்கை வெட்டினேன். வெட்ட வேண்டி வந்தது என்பதே சரி.

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, தோள் மட்டும் அரை அங்குலம் இறங்கியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தைத்த ரவிக்கை ஒவ்வொன்றும் வலது பக்கம் சுருங்கி, கழுத்து ஒரு பக்கமாய் நழுவியது. நாற்பது வருஷம் புடவை தவிர வேறெதுவும் உடுத்தாதவள், வீட்டில் நைட்டிக்கு மாறினாள். கல்யாணம், கச்சேரி என்றால், "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் மார்க்கெட் மாஸ்டர்ஜி நல்ல மனிதர். ஆனால் டேப்பைத் தொடமாட்டார். "பழைய பிளவுஸ் ஒன்று கொடுங்கள் மாதாஜி, போதும்" என்பார். நம் ஊரிலும் இதே வழக்கம்தானே? அளவு ரவிக்கையைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று. முதலாவதில் கால் அங்குலப் பிழை இருந்தால் அடுத்ததில் அது குறைவதில்லை, கூடத்தான் செய்யும். ரயில்வேயில் ஒரு தண்டவாளத்திலிருந்து அடுத்ததை அளந்து, அதிலிருந்து மற்றதை அளந்து கொண்டே போனால் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை எங்கே போய் முடியும்? ஒரே மூலப் புள்ளியிலிருந்துதான் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். துணிக்கு அந்த மூலப் புள்ளி உடம்புதான்.

இடுப்பில் ஒரு நாடாவை இறுக்காமல் கட்டிவிட்டால் அது தானாகவே இடுப்பின் இடத்தில் போய் நிற்கும். தலையைக் குனியச் சொன்னால் பின்கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். இவை இரண்டும் நகராத புள்ளிகள். நிமிர்ந்து, நேரே பார்த்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் நிற்க வேண்டும். டேப்புக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை எடுத்து, கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் எடுக்க வேண்டும். தன் முதுகைத் தானே அளக்க முடியாது, இன்னொருவர் தேவை.

இதையெல்லாம் செய்தும் முதல் தடவை கோட்டை விட்டேன். ஜனவரி மாதம். டில்லிக் குளிரில் அவள் உள்ளே போட்டிருந்த கம்பளி உள்சட்டையோடு சேர்த்து அளந்துவிட்டேன். ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்கி, மெல்லிய ரவிக்கையோடு மறுபடி அளந்தபோது மார்பளவு 38 அங்குலம்.

பேப்பர் கட்டிங் என்பது பெரிய வித்தை அல்ல. 38-ல் நாலில் ஒரு பங்கு ஒன்பதரை. மூச்சு விடவும் கையை அசைக்கவும் மொத்தம் இரண்டு அங்குலம் தளர்வு வைத்தால் கால் பாகத்துக்கு அரை அங்குலம், ஆகப் பத்து. தையலுக்கு அரை அங்குலம் தனி. பக்கவாட்டில் மட்டும் ஓர் அங்குலம் விடுவது நல்லது, பின்னால் பிரித்துக்கொள்ளலாம். தோளிலிருந்து மார்பு முனை வரை, முனைக்கு முனை, இரண்டையும் அளந்து குறித்தால் டாட் எங்கே பிடிப்பது என்று தெரிந்துவிடும்.

சங்கடம் வேறிடத்தில் இருந்தது. நான் பார்த்த தையல் புத்தகங்கள் பாதி உடம்பைத்தான் வரைகின்றன. மறு பாதிக்குத் துணியை மடித்துப் போட்டு வெட்டினால் போதும் என்பது அவற்றின் நம்பிக்கை. அதுவும் மார்பளவில் இத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிலேயே தோளும் கைக்குழியும் வந்துவிடும். என் மனைவிக்கு அந்தக் கணக்கு உதவாது. இடது, வலது என்று முழு உடம்பையும் பழுப்புக் காகிதத்தில் தனித்தனியாக வரைந்தேன்.

முதலில் வலது தோள் ஓரத்தை அரை அங்குலம் இறக்கி, பழைய மல் வேஷ்டியில் வெட்டி, நீளத் தையலாக ஓட்டிப் போட்டுப் பார்த்தோம். கழுத்து நேரானது, ஆனால் கை தூக்க முடியவில்லை. தோளை இறக்கியதில் கைக்குழி அரை அங்குலம் சிறுத்துப் போயிருந்தது. கைக்குழியின் அடியையும் அதே அளவு இறக்கிய பிறகுதான் சரியாயிற்று. வளைவான பாதையை நாங்கள் சோதிக்கும் முறை ஒன்று உண்டு: 20 மீட்டர் நூலைத் தண்டவாளத்தில் இழுத்துப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பது. இரண்டு கைக்குழிகளையும் அப்படியே நூல் பிடித்துச் சரிபார்த்தேன். மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

கடைகளில் எஸ், எம், எல் என்று விற்கிறார்களே, அந்த அளவுகள் யாருடையவை? 1939-40ல் அமெரிக்க அரசு சுமார் 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் வீதம் எடுத்தது. நம் நாட்டுக்கென ஒரு கணக்கு வேண்டும் என்று, நம் ஹௌஸ் காஸில் உள்ள தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தை 2018ல் அறிவித்தது. டில்லி உள்பட ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனர்களால் அளப்பது என்று திட்டம். வெகு நல்ல காரியம். ஆனால் வயது வரம்பு 15 முதல் 65 வரை. அடியேனுக்கு 67!

துணி வெட்டுமுன் லைனிங்கை ஓரிரவு தண்ணீரில் போட்டு, காயவைத்து, இஸ்திரி போட மறக்கவேண்டாம். பருத்தி முதல் சலவையில் சுருங்கும்.

மிஷினில் தைப்பதை மட்டும் மாஸ்டர்ஜியிடமே விட்டோம். காகிதங்களைப் பார்த்துவிட்டு, "இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கிறதே, தப்பாக வெட்டிவிட்டீர்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் தாயாருக்கும் ஒரு தோள் இறக்கம்தான் என்றார்.

பங்குனியில் மயூர் விஹாரில் நடந்த கல்யாணத்துக்கு இருவருமாய்ப் போனோம். அரக்குப் பட்டு, அதே நிறத்தில் ரவிக்கை. காகிதங்கள் இப்போது மாஸ்டர்ஜி கடை ஆணியில் தொங்குகின்றன. 'இடது', 'வலது' என்று நான் தமிழில் எழுதியதன் பக்கத்தில் அவர் ஹிந்தியிலும் எழுதி வைத்திருக்கிறார்.