போர் விளையாட்டில் வெற்றியை நிர்ணயிப்பது எது?

சதுரங்கத்தில் யானை குதிரையை வெட்டினால் குதிரை வீழ்ந்தே தீரும். மெய்யான போர்க்களத்திலோ, வலிமை மிக்க படையும் மூடுபனியாலும் பிந்திவந்த கட்டளையாலும் தோற்பதுண்டு. இந்த நிச்சயமின்மையைக் கணக்கிற்குள் கொணர்ந்தவர், பிரஷ்ய நாட்டுப் பீரங்கிப்படை அதிகாரி ரைஸ்விட்ஸ். தம் தந்தையார் வகுத்த விளையாட்டைத் திருத்தி, 1824-இல் அவர் விதிகளை வெளியிட்டார். 1:8,000 அளவில் வரைந்த தேசப்படமே அதன் களம். ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிஷப் போருக்குச் சமம். இரு தரப்பினரும் தத்தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் அளிப்பர். அவர் பகடையை உருட்டி, ஆயுதத்தின் தன்மையையும் தூரத்தையும் கருதி, இத்தனை பேர் வீழ்ந்தனர் எனத் தீர்ப்பளிப்பார்.

பிற்காலத்துப் பலகை விளையாட்டுகளில் தாக்குவோர் பலமும் தற்காப்போர் பலமும் மூன்றுக்கு ஒன்று என்பதுபோல் விகிதமாக்கப்படும். விகிதத்தையும் பகடை எண்ணையும் அட்டவணையில் பொருத்தினால் முடிவு கிடைக்கும். விகிதம் உயர உயரத் தோல்விக்கான வாய்ப்புக் குறையுமேயன்றி, எளிதில் மறைந்துவிடாது.

பகடையின்றியும் கணக்கிடலாம். ஆங்கிலேயப் பொறியியலறிஞர் லான்செஸ்டர், குறிபார்த்துச் சுடும் போரில் படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என முதல் உலகப்போர்க் காலத்தில் காட்டினார். சம திறமையுள்ள 1,000 வீரர் 500 பேரை எதிர்த்து இறுதிவரை போரிட்டால், சிறுபடை முற்றும் அழியும். பெரும்படையில் ஏறக்குறைய 866 பேர் எஞ்சுவர். இரட்டிப்புப் பலத்தின் பயன் இருமடங்கன்று, நான்கு மடங்கு!

எனினும், விளைவை ஏற்பதும் மறுப்பதும் நடுவர் கையில் உள்ளது. 1942 மே மாதத்தில், யமாட்டோ போர்க்கப்பலில் ஜப்பானியக் கடற்படையினர் மிட்வே படையெடுப்பை ஒத்திகை பார்த்தனர். தீவிலிருந்து வந்த விமானங்களின் குண்டுகளில் ஒன்பது இலக்கைத் தாக்கியதாகப் பகடை காட்டிற்று. அக்காகி, காகா என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கியிருக்கவேண்டும். தலைமை நடுவர் உகாகி அதை மூன்றாகக் குறைத்தார். மூழ்கிய காகாவும் ஒத்திகையின் அடுத்த கட்டத்தில் மீண்டும் மிதந்தது.

உகாகியின் மதிப்பீடு முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஜூன் 4-ஆம் தேதியன்று தீவிலிருந்து புறப்பட்ட விமானங்களின் குண்டு ஒன்றுகூட அக்கப்பல்கள்மீது விழவில்லை. ஆயினும் அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்த பாய்ச்சல் குண்டுவீச்சு விமானங்களால் அவ்விரண்டுடன் சோர்யு, ஹிர்யு ஆகியனவும் அழிந்தன. கப்பல்களை இழந்தால் செய்யவேண்டியது யாது என்னும் வினாவை, ஒத்திகையில் அந்தப் பகடை ஏற்கெனவே எழுப்பியிருந்தது.