தண்ணீரைப் பார்த்து வாசல் வைத்த ஊர்

ஷாங்காய்க்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் இருக்கிறது சோஜுவாங். ஏரிகளும் ஆறுகளும் சூழ்ந்த இந்த ஊருக்கு நெடுங்காலம் படகில்தான் போய்வர முடிந்தது. 1086-இல் சோ என்ற பௌத்த பக்தர் தம் நிலத்தைக் கோயிலுக்கு எழுதிவைத்தார். ஊர் அவர் பெயரிலேயே வழங்கலாயிற்று.

ஊருக்குள் நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு எனக் கால்வாய்கள் ஓடுகின்றன. தெருக்கள் இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் அகலமே கொண்டவை. சரக்கும் சனமும் போனது தண்ணீரில்தான். ஆகவே இந்த ஊரைப் படகிலிருந்து பார்ப்பதே முறை. படகின் பின்பக்கம் நின்று ஒற்றை நீளத் துடுப்பை அசைத்தபடியே ஓட்டுகிறார்கள். படகோட்டும் பெண்கள் சிலர் நாட்டுப்பாடலும் பாடுவதுண்டு.

வணிகர் ஷென் வான்சானின் வழித்தோன்றல்கள் 1742-இல் கட்டிய ஷென் மாளிகையில் சுமார் நூறு அறைகள். அதன் முகப்பே ஒரு படித்துறை: படகைக் கட்டுவதும் துணி துவைப்பதும் அங்கேதான். அதற்குப் பின்னால் கூடம், முற்றம், மறுபடி கூடம் என்று வீடு உள்ளே நீண்டுகொண்டே போகிறது. அதைவிட வியப்பூட்டுவது மிங் அரசமரபுக் காலத்து ஜாங் மாளிகை. அதற்குள்ளேயே ஓர் ஓடை ஓடுகிறது; வந்த படகு திரும்ப ஒரு சிறு குளமும் உண்டு. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஜாங் மாளிகைக்கே போகலாம்.

பாலங்களில் பழமையானது 1355-இல் கட்டிய ஃபூஆன் பாலம். அதன் கரைகளில் மாடிக் கட்டடங்கள் ஒட்டி நிற்கின்றன. புகழ் பெற்றதோ இரட்டைப் பாலம். இரண்டு கால்வாய்கள் கூடும் முனையில் செங்கோணமாக ஒட்டி நிற்கும் இரு கற்பாலங்கள் அவை. ஒன்றின் அடியில் வளைவு, மற்றதன் அடியில் சதுரத் திறப்பு. ஓவியர் சென் யீஃபெய் இவற்றை வரைந்தார். அமெரிக்கத் தொழிலதிபர் ஆர்மண்ட் ஹாமர் 1984-இல் அந்த ஓவியத்தைச் சீனத் தலைவர் டெங் சியாவோபிங்குக்குப் பரிசளித்தார். சோஜுவாங்கின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது அதன் பிறகுதான்.

பெயர் பரவினால் மட்டும் பழைய ஊர் பிழைத்துவிடாது. சீனாவின் பல ஊர்களில் கால்வாய்களைத் தூர்த்துச் சாலை போட்ட காலம் அது. டோங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான் 1980களிலேயே இந்த ஊருக்குப் பாதுகாப்புத் திட்டம் தீட்டினார். புதுக் கட்டடங்கள் பழைய ஊருக்கு வெளியே எழுந்தன. இன்று நிற்கும் ஒவ்வொரு பாலத்துக்கும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பகலில் கூட்டம் நெரியும். வறுத்த கடலை மிட்டாய், தேநீர், நெடுநேரம் வேகவைத்த பன்றித் தொடைக்கறி எனக் கடைகள் வரிசையாக இருக்கும். பாலங்களை நின்று பார்க்க விரும்புகிறவர்கள் ஓரிரவு ஊருக்குள்ளேயே தங்கி, சுற்றுலாப் பேருந்துகள் வருமுன் காலையில் கிளம்பிவிடுவது நல்லது. விழா விடுமுறைகளை, குறிப்பாக அக்டோபர் முதல் வாரத்தை, தவிர்ப்பதும் அவசியம்.