வெள்ளை அணுவின் பூட்டும் புற்றுநோயின் சாவியும்



சில காலத்துக்கு முன் ஓர் அம்மா என் மருந்தகத்துக்கு வந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். செம்பனை வந்த பிறகு உதிரிப் பழம் பொறுக்கியவர். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு படலம், நடுவில் புண். “மூணு மாசமா இருக்கு தம்பி, சுண்ணாம்பு பொத்திருச்சுன்னு நெனச்சேன்” என்றார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் நாற்பது வருடப் பழக்கம். பல் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று முடிவானது. அறுவைக்குத் தேதியும் கிடைத்தது.

அந்தத் தேதிக்கு முந்திய வாரம் அவர் மகன் ஓடி வந்தான். “கத்தியே வேணாமாம் ஐயா, புதுசா ஒரு ஊசி வந்திருக்காம். அமெரிக்க ஜனாதிபதிக்கே அதைத்தான் போட்டாங்களாம். வீட்டை வித்தாவது போட்டுரலாம்னு பாக்குறேன்.”

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஊசி உண்மைதான். ஆனால் அவன் கேள்விப்பட்டது பாதிக் கதை.

நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உண்டு. அவற்றில் டி அணு என்பது ஒரு வகை. தோட்டத்து ஜாகாக்காரர் மாதிரி அது உடம்பெங்கும் சுற்றி வரும். ஒவ்வோர் அணுவையும் தொட்டுப் பார்க்கும். உள்ளே கிருமி புகுந்திருந்தாலோ, அணு கெட்டுத் திரிந்திருந்தாலோ அதைக் கொன்றுவிடும். சரி, காவல்காரனுக்கு வெறி பிடித்துவிட்டால்? வேண்டியவன், வேண்டாதவன் பார்க்காமல் அடித்து நொறுக்கிவிடுவான் அல்லவா? அதற்காகத்தான் டி அணுவின் மேற்தோலில் ஒரு பூட்டு இருக்கிறது. அதன் பெயர் பி.டி.-1. அதற்குப் பொருந்தும் சாவி பி.டி.-எல்1. சண்டை போதும் என்னும்போது நம் சொந்த அணுக்கள் இந்தச் சாவியை நீட்டும். பூட்டு விழும், டி அணு அடங்கும்.

1992-இல் ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோ என்பவரின் ஆய்வுக்கூடத்தில்தான் இந்தப் பூட்டைக் கண்டுபிடித்தார்கள். அது எதற்கு என்று அப்போது தெளிவாகத் தெரியவில்லை. பிறகு அந்தப் பூட்டே இல்லாமல் எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். வயது ஏற ஏற அவற்றுக்கு மூட்டு வீங்கியது, சிறுநீரகம் கெட்டது. தன் காவல் தன்னையே தின்றது. இது ஒரு கடிவாளம் என்று அதன் பிறகுதான் விளங்கியது. ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் ரஃபி அகமதின் குழுவினர் 2006-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். விஷக்கிருமி நெடுநாள் உடம்பில் தங்கிவிட்டால், டி அணுக்கள் இந்தப் பூட்டு நிறைய விழுந்து களைத்துப்போய்க் கிடக்கும். பூட்டை மறைத்தால் மறுபடி எழுந்து வேலை செய்யும்.

புற்றுநோயின் திருட்டு இங்கேதான். பல கட்டிகள் அந்தச் சாவியைத் தாங்களே செய்து மேலே மாட்டிக்கொள்கின்றன. ஜாகாக்காரர் பக்கத்தில் வந்தும் கை கட்டி நிற்கிறார். புதிய ஊசி என்ன செய்கிறது? சாவித் துவாரத்தில் மெழுகு வைத்து அடைப்பது போலப் பூட்டை மூடிவிடுகிறது. பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் என்று பெயர்கள். வாயில் நுழையாது, பரவாயில்லை. கவனியுங்கள், மருந்து கட்டியைக் கொல்வதில்லை. கொல்வது நம் டி அணுதான். கட்டிக்குள் டி அணுவே போய்ச் சேராதவருக்குப் பூட்டைத் திறந்து என்ன பயன்? ஆகையால்தான், வாய், தொண்டைப் புற்று முற்றியவர்களுக்கு இதை மட்டும் தனியாகக் கொடுத்த ஆரம்ப ஆய்வுகளில், நூறு பேரில் இருபதுக்கும் குறைவானவர்களுக்கே கட்டி சுருங்கியது. சுருங்கியவர்களில் சிலர் பல ஆண்டுகள் நன்றாக இருந்தார்கள் என்பதும் உண்மை. ஹோஞ்சோவுக்கும், இதே போன்ற வேறொரு பூட்டை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர். பதவியை விட்டு வெகுகாலம் ஆன பிறகு, 2015-இல் அவருக்குத் தோலில் வரும் ஒரு வகைப் புற்று ஈரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அவருக்கும் ஈரலில் கத்தி வைத்தார்கள், மூளைக்குக் கதிர் கொடுத்தார்கள், கூடவே இந்த ஊசி. 2024 டிசம்பரில், நூறு வயதில் காலமானார். மகனிடம் இதைச் சொன்னதும், “அப்ப அவருக்கும் வெட்டினாங்களா?” என்று கேட்டான். அவனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

விலைதான் வயிற்றெரிச்சல். தனியாரிடம் போனால் ஒரு தடவைக்கே ஆயிரக்கணக்கான வெள்ளி, அதுவும் மாதக் கணக்கில் தொடர வேண்டும். ஏழைக்கு எட்டாத மருந்தை மருந்து என்று எப்படிச் சொல்வது? இதே கேள்வியோடுதான் மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை டாக்டர்கள், முற்றிய தலை, கழுத்துப் புற்று உள்ள 151 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு மலிவான மாத்திரைகள் மட்டும். மற்றவர்களுக்கு அந்த மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். இது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓராண்டு கழித்து, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 16 பேர் உயிரோடு இருந்தார்கள். ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் 43 பேர். 2022-இல் இது வெளிவந்தது. பூரண குணம் அல்ல, ஆயுளை நீட்டியது. நமக்கும் இது பற்றி டாக்டரிடம் கேட்க உரிமை உண்டு.

ஊசி போட்டுக்கொள்பவர் வீட்டில் இருந்தால் ஒன்று நினைவில் வையுங்கள். கடிவாளம் கழன்ற டி அணு நல்ல உறுப்புகளையும் கடிக்கும். விடாத பேதி, மூச்சுத் திணறல், மஞ்சள் கண், திடீரென்று ஏறும் சர்க்கரை, தைராய்டுக் கோளாறு எல்லாம் வரலாம். ஊசி நின்று மாதங்கள் ஆன பிறகும் வரலாம். என்னிடம் வந்து “வயித்தால போகுது, ரெண்டு மாத்திரை குடுங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊசி அட்டையைக் காட்டுங்கள். அது சாதாரணப் பேதி அல்ல, அதற்கு மருந்தே வேறு. பழைய காசநோய் இருந்தவர்கள் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அது மறுபடி கிளம்பியதுண்டு.

அந்த அம்மாவுக்குக் குறித்த தேதியிலேயே அறுவை நடந்தது, பிறகு கதிர் சிகிச்சை. வீடு விற்கப்படவில்லை. சாப்பிடுவது இன்னும் கஞ்சியும் மசித்த சோறும்தான், வாய் முழுதாகத் திறக்கவில்லை. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் வெட்டு சின்னதாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெற்றிலை போடுகிறவர்கள் கண்ணாடி முன் நின்று கன்னத்தையும் நாக்கின் அடியையும் பாருங்கள். வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறக்க முடியாமல் இறுக்கம், இவற்றில் எது இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போங்கள். போக வண்டி இல்லையென்றால் காலைப் பெரட்டு முடிந்ததும் என்னிடம் வாருங்கள். டார்ச் விளக்கு மேசை மேலேயே இருக்கிறது.